பாக்கிப் பட்டியலைக் கம்ப்யூட்டரிடம் கேட்கும் முறை



நம்மில் பெரும்பாலோர் கடையில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. பில் போடுகிறோம், மாதம் பிறந்தால் ஜி.எஸ்.டி. விவரத்தை ஆடிட்டருக்கு அனுப்புகிறோம். அத்துடன் அதன் வேலை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பல ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. "ஆரம்பாக்கம் லைனில் 45 நாளைத் தாண்டிய பாக்கி எந்தெந்தக் கடையில் நிற்கிறது? அந்தக் கடைக்காரர் கடைசியாக எப்போது பணம் கட்டினார்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அதே பெட்டிதான். பில்லிங் பாக்கேஜில் அந்தக் கேள்விக்கு வழி இல்லையென்றால், பாக்கேஜ் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அவர் ஒரு தொகை சொல்லுகிறார். நம் கணக்கை நாமே பார்ப்பதற்கு நாம் கூலி கொடுக்கிறோம்.

பைத்தான் என்னும் கணினி மொழியின் வழியாக அந்தக் கேள்வியை நேராகக் கேட்க முடியும். வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களே எழுதிவிடுவார்கள். எழுதுவது அவர்கள் வேலை. எழுதியது கணக்குக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பது நம் வேலை. பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்த நமக்கு இது எட்டாது என்று யாரும் எண்ண வேண்டாம். பேரேடு எழுதிப் பழகியவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

பாக்கிப் பட்டியலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள சில்லரைக் கடைகள் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் கொடுக்கின்றன. தொழிற்சாலையில் சம்பளம் போட்ட பிறகுதான் கடையில் பணம் புரளும். அதன் பிறகுதான் நமக்கு வரும். ஒரு ஷிப்ட் குறைந்தாலும் கவரைப்பேட்டையிலும் எளாவூரிலும் வசூல் தள்ளிப் போகும். இதில் யார் நாணயமாகத் தாமதிக்கிறார், யார் வேண்டுமென்றே இழுக்கிறார் என்பது தேதியும் தொகையும் சரியாகத் தெரிந்தால்தான் பிரித்தறிய முடியும்.

சட்டமும் தேதி பார்க்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சரக்குக்கான பணத்தைக் கொடுக்காத பதிவு பெற்ற வணிகர், எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். பணம் கொடுத்த பின் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். 150ஆம் நாளில் இதைச் சொல்லி நினைவூட்டினால் சண்டையில்லாமல் வசூல் ஆகும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமோ சரக்கு விலைப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கொடுக்கிறது. இடையில் ஒரு பகுதிப் பணம் கட்டி, அதைக் கடன்பட்டவர் தம் கையெழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். ஆகவே 'கடைசி வரவுத் தேதி' என்பது வெறும் தகவல் அல்ல.

மேப்பர் என்பது என்ன?

நாள்வழி, பேரேடு, சரக்கு இருப்பு என்று நாம் தனித்தனிப் புத்தகம் வைத்ததுபோல் டேட்டாபேஸ் தனித்தனி அட்டவணையாக வைக்கிறது. கடைகளுக்கு ஓர் அட்டவணை, பில்லுக்கு ஒன்று, பண வரவுக்கு ஒன்று. பில் அட்டவணையில் கடையின் பெயர் முழுவதும் இராது; கடையின் எண் மட்டும் இருக்கும். பேரேட்டுப் பக்க எண்ணை நாள்வழியின் ஓரத்தில் குறித்து வைப்போமே, அதேதான். இவ்வாறு அட்டவணைகளை எண்ணால் உறவுபடுத்தும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்பவர் 1970இல் வகுத்தார். அட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்காக 1974 வாக்கில் அதே நிறுவனத்தில் பிறந்த மொழிதான் எஸ்.க்யூ.எல்.

எஸ்.க்யூ.எல்.லை நேரடியாக எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். பைத்தானில் நிரல் எழுதுகிறவர்களுக்கு நடுவே ஓர் ஆள் இருந்தால் வசதி. அவர்தான் ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பர், சுருக்கமாக ஓ.ஆர்.எம். 'கடை' என்று பைத்தானில் ஓர் இனத்தை வகுத்துவிட்டால் மேப்பர் அதை அட்டவணையாகக் கொள்ளும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு கடை. ஒவ்வொரு பத்தியும் அந்தக் கடையின் ஒரு விவரம். நாம் பைத்தானில் கேட்பதை மேப்பர் எஸ்.க்யூ.எல்.லாக எழுதிக் கொண்டுபோய்ப் பதிலோடு திரும்பி வரும். பழைய கணக்குப்பிள்ளையிடம் "ஆரம்பாக்கம் கடைகளை எடு" என்றால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, அது போல.

பைத்தானில் இரண்டு மேப்பர்கள் பெயர் பெற்றவை. ஒன்று ஜாங்கோவுடன் வருவது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் தங்கள் சொந்த வேலைக்காகச் செய்துகொண்டதை 2005இல் எல்லோருக்கும் இலவசமாக விட்டார்கள். மற்றது 2006இல் வந்த எஸ்.க்யூ.எல். ஆல்கெமி. இந்தப் பாடத்தில் ஜாங்கோவை எடுத்துக்கொள்கிறோம்.

சொந்தத் தேவைக்குச் செய்தது ஊருக்குப் பயன்படுவது நம் நாட்டிலும் நடந்ததுதான். நாம் எல்லோரும் அறிந்த டேலி, 1986இல் கோயங்கா என்னும் வியாபாரக் குடும்பத்தில் தந்தையின் கணக்குக்காக மகன் எழுதத் தொடங்கியது. பைத்தானில் எழுதப்பட்ட ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் என்னும் இலவசக் கணக்கு மென்பொருள் மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனத்தினுடையது. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது உண்டு.

முதல் கேள்வி

பைத்தான் 3ஆம் பதிப்பு 2008இல் வந்தது முதல் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கடை, ஊர், பில், தொகை, கெடு என்று எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்கும். மொழிக்கே உரிய சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே அவற்றையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். பிள்ளைகள் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

கடை.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(ஊர்="ஆரம்பாக்கம்")

ஃபில்டர் என்றால் சலித்து எடு. ஊர் ஆரம்பாக்கமாக உள்ள கடைகள் மட்டும் வரும். எக்ஸ்குளூட் என்றால் அதற்கு நேர்மாறு, தள்ளிவிட்டு மீதியைக் கொடு. அடுத்தது:

பில்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(கடை__ஊர்="ஆரம்பாக்கம்", கெடு__எல்டி=இன்று)

இங்கே இரண்டு அடிக்கோடு சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். 'கடை__ஊர்' என்றால் பில்லிலிருந்து கடை அட்டவணைக்குத் தாண்டி அங்குள்ள ஊரைப் பார். 'கெடு__எல்டி' என்றால் கெடுத் தேதி இன்றைக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஆரம்பாக்கத்தில் கெடு தாண்டிய பில்கள் அனைத்தும் வந்துவிடும்.

ஒரு விஷயம். ஃபில்டர் எழுதியவுடன் மேப்பர் டேட்டாபேஸுக்குப் போவதில்லை. எழுதி மடியில் வைத்துக்கொள்ளும். பட்டியலைத் திரையில் காட்டவோ அச்சிடவோ தொடங்கும்போதுதான் போகும். ஆகவே ஃபில்டருக்கு மேல் ஃபில்டராக எத்தனை சேர்த்தாலும் ஒரே கேள்வியாகத்தான் போய்ச் சேரும். இது நல்லதே.

ஆனால் இதே குணம் ஒரு வீண் அலைச்சலையும் உண்டாக்கும். மேலே சொன்ன பட்டியலில் 400 பில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே கடைப் பெயரை அச்சிடச் சொன்னால், மேப்பர் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தடவை கடை அட்டவணைக்குப் போய் வரும். முதல் கேள்வி ஒன்று, கடைப் பெயருக்கு 400, ஆக 401. குடோனிலிருந்து 400 மூட்டையை வண்டியில் ஏற்றாமல் தலைக்கு ஒன்றாகத் தூக்கி வருவதுபோல. டேட்டாபேஸ் நம் கடையிலேயே இருந்தால் இது தெரியாது. மும்பையில் யாரோ வாடகைக்கு விடும் கம்ப்யூட்டரில் இருந்தால், ஒரு போக்குவரத்துக்கு 20 மில்லி விநாடி என்றாலும் 8 விநாடி ஆகும். கேள்வியோடு 'செலக்ட்_ரிலேட்டட்("கடை")' என்று ஒரு சொல் சேர்த்தால் கடை விவரமும் சேர்ந்தே வரும், ஒரே பயணம். "பட்டியல் ரொம்ப மெதுவாக வருகிறது, பெரிய கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

கூட்டல் பெருக்கலாக மாறுவது

இனிமேல்தான் பாடத்தின் முக்கியப் பகுதி. கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

நம் லைனில் பில்லுக்குப் பில் பணம் கட்டுகிறவர் குறைவு. "இந்தாங்க, பன்னிரண்டாயிரம் வரவு வச்சுக்கங்க" என்பதுதான் வழக்கம். ஆகவே எந்தப் பில் தீர்ந்தது என்று பார்ப்பதைவிட, கடைக்குக் கடை மொத்தம் பார்ப்பதே முறை. விற்ற மொத்தத்தில் வந்த மொத்தத்தைக் கழித்தால் பாக்கி. ஜாங்கோவில் 'அனோடேட்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கடைக்கும் எதிரே ஒரு கூட்டுத்தொகையைப் போட்டுக் கொடுக்கும். எழுதத் தெரிந்த எந்தப் பிள்ளையும் முதலில் எழுதுவது இப்படித்தான்:

கடை.ஆப்ஜெக்ட்ஸ்.அனோடேட்(விற்றது=சம்("பில்__தொகை"), வந்தது=சம்("வரவு__தொகை"))

படித்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பில் தொகையைக் கூட்டு, வரவுத் தொகையைக் கூட்டு. கம்ப்யூட்டரும் பிழை என்று சொல்லாது. ஆனால் விடை தவறு.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று பில்: ரூ.10,000, ரூ.15,000, ரூ.20,000. ஆக ரூ.45,000. அவர் கட்டியது இரண்டு தவணை: ரூ.12,000, ரூ.8,000. ஆக ரூ.20,000. பாக்கி ரூ.25,000 என்று நாம் மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவோம். மேலே எழுதிய கேள்விக்கு வரும் விடையோ விற்றது ரூ.90,000, வந்தது ரூ.60,000, பாக்கி ரூ.30,000.

எப்படி? மேப்பர் கடையோடு பில்லையும் வரவையும் ஒரே நேரத்தில் இணைக்கிறது. எந்த வரவு எந்தப் பில்லுக்கு என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே ஒவ்வொரு வரவையும் எழுதி, மூன்றிரண்டு ஆறு வரி உண்டாக்குகிறது. அந்த ஆறு வரியில் ஒவ்வொரு பில்லும் இரண்டு தடவை வருகிறது. ஒவ்வொரு வரவும் மூன்று தடவை வருகிறது. பிறகு கூட்டுகிறது. பில் இரட்டித்தது, வரவு மும்மடங்கானது. இது இரகசியமான குறையும் அல்ல. ஜாங்கோவின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. படிக்காமல் எழுதுவதால் வருவது.

நமக்குத் தெரிந்த ஒரு மண்டியில் நடந்ததைச் சொல்லுகிறோம், பெயர் வேண்டாம். வெளி ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்த நிரலிலிருந்து இப்படி ஒரு பட்டியல் அச்சாகி, லைனுக்குப் போகும் பையன் கைக்குப் போய்விட்டது. பையன் கடையில் போய்த் தாளைக் காட்டி முப்பதாயிரம் என்றான். கடைக்காரர் தம் சிட்டை நோட்டை எடுத்துக் காட்டி இருபத்தைந்து என்றார். பையன், "கம்ப்யூட்டர் தப்பு சொல்லாதுங்க அண்ணாச்சி" என்றிருக்கிறான். பக்கத்தில் நாலு வாடிக்கையாளர் நிற்கும்போது. முதலாளி மறுநாள் நேரில் போய்ச் சமாதானம் சொன்னார். அந்த அண்ணாச்சி பாக்கியைப் பைசா குறையாமல் எண்ணி வைத்துவிட்டுச் சரக்கை வேறு மண்டிக்கு மாற்றிக்கொண்டார். பதினெட்டு வருடத்து வாடிக்கை.

இன்னொன்று பாருங்கள். அதே தவறு எப்போதும் கூட்டித்தான் காட்டும் என்பதில்லை. 45 நாளைத் தாண்டிய பாக்கியைக் கேட்போம். பழைய பில்லுக்கு முதலில் வரவு வைப்பது நம் வழக்கம் என்பதால், 45 நாளுக்கு முந்திய பில்களின் மொத்தத்தில் இதுவரை வந்த பணம் முழுவதையும் கழித்தால் மிஞ்சுவதே கெடு தாண்டியது. மேற்படி கடையில் முதல் இரண்டு பில்லும் 45 நாளைத் தாண்டியவை என்றால் 25,000இல் 20,000 போக ரூ.5,000 நிற்கிறது. தவறான கேள்வியில் பழைய பில் ரூ.50,000 என்றும் வரவு ரூ.60,000 என்றும் வரும். கழித்தால் பத்தாயிரம் குறைவு. அதாவது அந்தக் கடைக்குக் கெடு தாண்டிய பாக்கியே இல்லை, நாம்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று காட்டும்! ஒரே கடை, ஒரே கணக்கு; ஒரு பட்டியலில் கூடுதலாகக் கேட்கிறோம், மறு பட்டியலில் கேட்க வேண்டியதை விட்டுவிடுகிறோம்.

இதைச் சரிசெய்வதாக நினைத்துச் சிலர் 'டிஸ்டிங்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள். ஒரே மாதிரி வருவதை ஒருமுறை மட்டும் எடு என்று அதற்குப் பொருள். கடைகளின் எண்ணிக்கை, பில்களின் எண்ணிக்கை பார்க்க அது பொருந்தும். தொகைக்குப் பொருந்தாது. ஒருவர் இரண்டு வாரமும் பத்தாயிரத்துக்கே சரக்கு எடுத்திருந்தால், இரண்டு பத்தாயிரத்தையும் ஒன்றாக எண்ணி ஒன்றை விழுங்கிவிடும்.

இனி, ஒரு பைசாகூடக் கட்டாதவர் கதை. அவருக்கு வரவு வரியே கிடையாது. வரியே இல்லாதபோது 'சம்' பூஜ்யம் தருவதில்லை. 'ஒன்றும் தெரியாது' என்ற பொருளில் நன் என்று தரும். டேட்டாபேஸில் 45,000இலிருந்து 'தெரியாது' என்பதைக் கழித்தால் விடையும் 'தெரியாது'தான். 'பாக்கி பூஜ்யத்துக்கு மேல் உள்ளவர்கள்' என்று சலித்தால் 'தெரியாது' உள்ளவர் சலிப்பில் நிற்க மாட்டார். ஆக, கொஞ்சமாவது கட்டியவர் எல்லாம் பட்டியலில் இருப்பார். ஒன்றுமே கட்டாதவர் பெயர் மட்டும் இராது. இதைவிடக் கேடு வேறு வேண்டுமா? ஜாங்கோ 4.0 முதல் 'சம்'முக்குள்ளேயே 'டிஃபால்ட்=0' என்று எழுத வழி இருக்கிறது. அது இல்லாத பாக்கிப் பட்டியலை வாங்காதீர்கள்.

பேரேட்டு வழி

பெருக்கல் பிழைக்கு என்ன செய்வது? இரண்டு கேள்வியாகக் கேட்கலாம்: கடைவாரியாக விற்ற மொத்தம் தனி, கடைவாரியாக வந்த மொத்தம் தனி, இரண்டையும் பைத்தானில் கழித்துக்கொள்ளலாம். சப்கொயரி என்று கேள்விக்குள் கேள்வி வைக்கும் முறையும் உண்டு. தேர்ந்தவர்கள் அதை எழுதுவார்கள். இரண்டும் சரியே.

நமக்குப் பிடித்தது மூன்றாவது. நம் பேரேட்டில் ஒரு கடைக்கு ஒரு பக்கம். சரக்குப் போனால் பற்று, பணம் வந்தால் வரவு. இரண்டும் தேதி வாரியாக அதே பக்கத்தில். பில்லுக்கு ஒரு புத்தகமும் பணத்துக்கு ஒரு புத்தகமும் வைத்துக்கொண்டு பாக்கி பார்க்கும்போது ஒட்டவைக்கும் வேலையே நம் முன்னோர் செய்ததில்லை. டேட்டாபேஸிலும் 'பேரேடு' என்று ஓர் அட்டவணை வைத்து, பில் போட்டதும் பற்றுப் பத்தியில் ஒரு வரி, பணம் வந்ததும் வரவுப் பத்தியில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. சரக்குத் திரும்பி வந்தாலும், தள்ளுபடி கொடுத்தாலும் அங்கேயே ஒரு வரவு வரி. கடையோடு ஒரே அட்டவணைதான் இணைகிறது என்பதால் எதுவும் பெருகாது. பற்று வரியில் வரவு பூஜ்யம் என்று எழுதியிருப்பதால் கட்டாதவரும் தப்ப மாட்டார். கடைசி வரவுத் தேதி வேண்டுமென்றால், வரவு உள்ள வரிகளில் தேதியின் 'மேக்ஸ்' கேட்டால் அதே கேள்வியில் வந்து நிற்கும்.

இது நாம் கண்டுபிடித்த வித்தை அல்ல. முன்னே சொன்ன ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட், விற்பனைப் பில்லாக இருந்தாலும் பண வரவாக இருந்தாலும் 'ஜி.எல். என்ட்ரி' என்னும் ஒரே அட்டவணையில் பற்று, வரவு என்று வரி எழுதுகிறது. அதைப் பயன்படுத்தும் உறுப்பினர்கள் இரண்டு செய்தியை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அதன் மேப்பரில் 'கெட்_லிஸ்ட்' என்று கேட்டால் கேட்கிறவருக்கு எதைப் பார்க்க அனுமதியோ அதை மட்டும் காட்டும். 'கெட்_ஆல்' என்று கேட்டால் அனுமதி பார்க்காமல் எல்லாவற்றையும் காட்டும். லைன் பையன் செல்போனில் பார்க்கும் பட்டியலைக் 'கெட்_ஆல்' கொண்டு எழுதிவிட்டால் எல்லா லைன் கணக்கும் அவன் கையில். மற்றது, வெளியிலிருந்து இணையத்தின் வழியாகப் பட்டியல் கேட்கும்போது எத்தனை வரி வேண்டும் என்று சொல்லாவிட்டால் 20 வரியோடு நின்றுவிடும். சரியாக இருபது கடை வந்தால் சந்தேகப்படுங்கள்.

சில்லறைச் செய்திகள் சில.

தொகைப் பத்தியை 'டெசிமல்' என்று வகுக்க வேண்டும், 'ஃப்ளோட்' என்று கூடாது. ஃப்ளோட்டில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். ஐந்தொகையில் இரண்டு பைசா இடித்தால் ஆடிட்டர் எத்தனை மணி நேரம் தேடுவார் என்பது நமக்குத் தெரியும்.

வரி வீதத்தைச் சரக்கு அட்டவணையில் மட்டும் வைத்து, பில்லின் மொத்தத்தை அங்கே போய்ப் பார்த்துக் கணக்கிடும் நிரல்கள் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நெய் 12-லிருந்து 5 ஆனது. சரக்கு அட்டவணையில் வீதத்தை மாற்றிய நிமிடமே, ஆகஸ்டில் போட்ட பில்லின் தொகையும் பாக்கியும் குறைந்து காட்டும். விற்ற அன்றைய விலையும் வரியும் பில்லின் வரியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தடா, சூலூர்ப்பேட்டைக்குச் சரக்கு போடுகிறவர்கள் வெளிமாநில விற்பனையைப் பிரிக்க, ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 அல்லாதவற்றை எடு என்று எழுதச் சொல்வார்கள். 33 தமிழ்நாடு, 37 ஆந்திரம் என்பது சரிதான். ஆனால் பதிவு எண்ணே இல்லாத மாதர்பாக்கம் பெட்டிக் கடையும் '33 அல்லாதது' என்ற கணக்கில் போய் விழும். மாநிலத்துக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, நீக்கல். ஜாங்கோவில் பில்லைக் கடையோடு இணைக்கும்போது, கடையை நீக்கினால் பில்லை என்ன செய்வது என்று எழுதியே ஆக வேண்டும். அவசரத்தில் பலரும் 'கேஸ்கேட்' என்று எழுதிவிடுவார்கள். கடை போனால் பில்லும் சேர்ந்து போகட்டும் என்று அதற்குப் பொருள். மூடிப்போன ஒரு கடையின் பெயரை எடுத்துவிடலாமே என்று கல்லாப் பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தினால் பல வருட பில் அடியோடு போகும். ஜி.எஸ்.டி. சட்டமோ கணக்குகளை, அந்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்லுகிறது. 'ப்ரொடெக்ட்' என்று எழுதியிருந்தால், பில் உள்ள கடையை நீக்கவே விடாது.

புதிதாக நிரல் எழுதி வாங்குகிறவர்கள், முதல் பட்டியலை லைனுக்கு அனுப்பும் முன் நான்கு கடையைக் கையால் போட்டுப் பாருங்கள். பல பில்லும் பல வரவும் உள்ள கடை ஒன்று. ஒன்றுமே கட்டாத கடை ஒன்று. ஒரே தொகைக்கு இரண்டு பில் உள்ள கடை ஒன்று. முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் கடை ஒன்று. நான்கும் பைசா பிசகாமல் வந்தால் பட்டியலை நம்பலாம். எழுதிக் கொடுப்பவரிடம் பணம் கொடுக்கும்போது டேட்டாபேஸின் கடவுச்சொல்லையும், அட்டவணைகளை வகுத்திருக்கும் 'மாடல்ஸ்' கோப்பையும், மாதம் ஒரு முழு நகலையும் நம் கைக்குத் தர வேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த மூன்றும் கையில் இருந்தால், எழுதியவர் ஊரைவிட்டுப் போனாலும் பைத்தான் தெரிந்த வேறொருவர் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டுக் கொடுப்பார்.